காதுகேளாத நோயாளியும் செவிலியரும்: வார்டிலும் வகுப்பிலும் அடிக்கடி எழும் கேள்விகள்

ஸ்டாஃப் நர்ஸ்கள், நர்சிங் மாணவர்கள், ட்யூட்டர்கள், இந்தத் துறையில் ஆய்வேடு எழுத நினைப்பவர்கள் ஆகியோருக்காக எழுதப்பட்ட பதில்கள் இவை. தமிழ்நாட்டு மருத்துவமனைகளை மனதில் வைத்திருக்கிறோம். வெளிநாட்டு ஆய்வும் அனுபவமும் உதவும் இடத்தில் அவற்றையும் எடுத்துக்கொண்டோம்.

காதுகேளாத நோயாளி அட்மிஷனுக்கு வந்தால் முதலில் என்ன கேட்க வேண்டும்?

“எந்த வழியில் பேசினால் உங்களுக்கு வசதி?” என்று கேளுங்கள். அதையும் வாயால் கேட்க வேண்டியதில்லை. சைகை செய்யும் கை, பேசும் உதடு, பேனா, ஹியரிங் எய்டு மாட்டிய காது என நான்கு படங்கள் போட்ட அட்டை ஒன்றை நீட்டினால் போதும், அவரே தொட்டுக் காட்டுவார். அந்தப் பதிலை கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில், மருந்து ஒவ்வாமை எழுதும் இடத்துக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள்.

“காது கேளாது” என்று மட்டும் எழுதிவைத்தால் அடுத்த ஷிஃப்டுக்கு அதனால் பயனில்லை. பிறவியிலிருந்தே கேட்காமல் சைகை மொழியில் வளர்ந்தவர், 65 வயதுக்கு மேல் கேட்கும் திறன் குறைந்தவர், காக்ளியர் இம்ப்ளான்ட் (அறுவை செய்து உட்காதில் பொருத்தும் கேட்கும் கருவி) வைத்த இளைஞர், பார்வையும் மங்கியவர் என்று நான்கு பேர் வந்தால் நான்கு பேருக்கும் தேவை வேறு. வயதான பிறகு கேட்காமல் போனவருக்குச் சைகை மொழி தெரியாது. அவருக்குப் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டுவதும், பேட்டரி தீராத ஹியரிங் எய்டும்தான் வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இரு காதிலும் 70 டெசிபல் இழப்பைக் காதுகேளாமை என்றும், 60 முதல் 70 டெசிபல் வரையான இழப்பைக் கேட்டல் குறைபாடு என்றும் பிரிக்கிறது. அந்த அளவு அடையாள அட்டை வாங்கப் பயன்படும். படுக்கையருகே நின்று எப்படிப் பேசுவது என்பதை அது சொல்லாது.

எழுதிக் காட்டினால் போதாதா?

சிலருக்குப் போதும், பலருக்குப் போதாது. சைகை மொழிக்குத் தமிழிலிருந்து வேறுபட்ட இலக்கணம் உண்டு. பிறவியிலேயே கேட்காத ஒருவருக்கு எழுத்துத் தமிழ் என்பது காதால் ஒருமுறையும் கேட்காத ஒரு மொழியைக் கண்ணால் மட்டும் படித்துக் கற்றது. பள்ளியில் அதை நன்றாகக் கற்பிக்க ஆள் கிடைத்தவர்கள் சரளமாகப் படிப்பார்கள். கிடைக்காதவர்கள் ஒவ்வொரு சொல்லாகப் பொருள் பிடிப்பார்கள். இதில் அறிவுக்குறைவு எதுவும் இல்லை. எம்.காம். படித்தவர்கூட “மேற்கண்ட சிகிச்சையினால் ஏற்படக்கூடிய பின்விளைவுகள் எனக்கு விளக்கிக் கூறப்பட்டன” என்ற ஒப்புதல் படிவ வாக்கியத்தில் தடுமாறலாம்.

எழுதும்போது ஒரு வரியில் ஒரு செய்தி. செயப்பாட்டு வினை வேண்டாம். ரத்தப் பரிசோதனைக்கு “வெறும் வயிற்றில் வரவும்” என்பதைவிட “நாளை காலை சாப்பிட வேண்டாம். தண்ணீர் குடிக்கலாம். 7 மணிக்கு வாங்க” என்று எழுதி, பக்கத்தில் தட்டு படம் போட்டு அடித்துவிடுங்கள். பரிசோதனை முடிவில் வரும் “பாசிட்டிவ்”, “நெகட்டிவ்” இரண்டும் ஆபத்தான சொற்கள். பாசிட்டிவ் என்றால் நல்லது என்று எடுத்துக்கொள்ளப்படும். “கிருமி இருக்கிறது”, “கிருமி இல்லை” என்றே எழுதுங்கள்.

மெதுவாகப் பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார்கள் அல்லவா?

ஓரளவுக்கு மட்டும். ப, ம இரண்டுக்கும் உதடு ஒரேபோல மூடித் திறக்கும். மருந்தும் பருந்தும், பத்தும் மத்தும் உதட்டில் ஒன்று. ல, ள, ழ வேறுபாடு வாய்க்குள்ளே நாக்கில் நடக்கிறது, வெளியே தெரியாது. எனவே “வலி இருக்கா”, “வழி இருக்கா” இரண்டும் பார்ப்பவருக்கு ஒரே தோற்றம். உதடு வாசிப்பவர் பாதிக்கு மேல் ஊகித்துத்தான் நிரப்புகிறார். ஊருக்குப் போகிற பேருந்தை ஊகிக்கலாம், மருந்தின் அளவை ஊகிக்க விடக்கூடாது. எண் எதுவாக இருந்தாலும் விரலால் காட்டி, எழுதியும் காட்டுங்கள்.

கத்திப் பேசினால் உதட்டின் வடிவம் கோணி இன்னும் புரியாமல் போகும். இயல்பான வேகம், முழு வாக்கியம், முகத்தில் வெளிச்சம், 1 முதல் 1.5 மீட்டர் தூரம் ஆகியவை போதும். ஜன்னலுக்கு முதுகு காட்டி நிற்காதீர்கள், உங்கள் முகம் இருட்டாகிவிடும். தொற்று ஆபத்து இல்லாத இடத்தில் முகக்கவசத்தை இறக்கலாம். கண்ணாடித் தாள் வைத்த முகக்கவசம் உதவும், ஆனால் பனித்துக்கொள்ளும். காசநோய் வார்டில் என்-95க்கு அது மாற்று ஆகாது.

கூட வந்த உறவினரே சொல்லட்டுமே? அவருக்குத்தான் நோயாளியை நன்றாகத் தெரியும்.

இந்தக் கேள்விக்குத்தான் அதிக நேரம் செலவிட விரும்புகிறோம், ஏனென்றால் பெரும்பாலான தவறுகள் இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

குடும்பத்தில் மற்றவர்களுக்கு முழுமையான சைகை மொழி தெரிந்திருப்பது அபூர்வம். வீட்டுக்குள்ளே உருவான சில சைகைகள் இருக்கும். சாப்பிடு, வா, தூங்கு, பணம் போன்றவற்றுக்கு அவை போதும். “கர்ப்பப்பையில் கட்டி, அதை மட்டும் எடுக்கலாம், அல்லது கர்ப்பப்பையையே எடுக்க வேண்டியிருக்கும்” என்பதை அந்தச் சைகைகளில் சொல்ல வழியில்லை. உறவினர் சுருக்குவார். மருத்துவர் இரண்டு நிமிடம் பேசியதை “ஆபரேஷன், சரியாயிடும்” என்று முடிப்பார். நோயாளி தலையாட்டுவார். அந்தத் தலையாட்டல் ஒப்புதல் அல்ல. பல ஆண்டுகளாகக் கேட்கும் மனிதர்களோடு பழகி, கேள்வி கேட்டால் எரிச்சல்படுவார்கள் என்று தெரிந்துகொண்டதால் வரும் பழக்கம் அது.

பத்து வயது மகளை வைத்து அம்மாவின் மாதவிலக்கு விவரத்தைக் கேட்பது அந்தக் குழந்தைக்கும் கொடுமை, தாய்க்கும் அவமானம். வீட்டில் அடி வாங்கும் பெண்ணிடம், அடிப்பவர் வழியாகவே “வீட்டில் ஏதும் பிரச்சினையா” என்று கேட்டால் என்ன பதில் வரும்? மனநலம், பாலியல் தொற்று, கருக்கலைப்பு, குடும்பக் கட்டுப்பாடு இவை எதற்கும் உறவினர் வழி பேச்சு கூடாது.

உறவினரை வெளியே அனுப்ப வேண்டும் என்பதல்ல. ஆறுதலுக்கும், பழைய நோய் விவரத்துக்கும், நோயாளி விரும்பினால் உடன் இருப்பதற்கும் அவர் தேவை. மொழிபெயர்க்கும் பொறுப்பை மட்டும் அவர் தலையில் ஏற்றாதீர்கள்.

சைகை மொழிபெயர்ப்பாளர் எங்கே கிடைப்பார்? வந்தால் எப்படிப் பயன்படுத்துவது?

மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும், மாவட்டக் காதுகேளாதோர் சங்கத்திலும், காதுகேளாதோர் பள்ளியிலும் விசாரித்து மூன்று நான்கு பெயர்களை முன்கூட்டியே வாங்கி, நர்சிங் சூப்பரிண்டெண்டெண்ட் அறையிலும் கேஷுவாலிட்டியிலும் ஒட்டிவையுங்கள். நோயாளி வந்த பிறகு தேடத் தொடங்கினால் அன்றைக்குக் கிடைக்காது. டெல்லியில் உள்ள இந்திய சைகை மொழி ஆய்வு மற்றும் பயிற்சி மையம் 2015இல் தொடங்கப்பட்டது. மொழிபெயர்ப்பாளர்களுக்கான டிப்ளமா படிப்பையும் அது நடத்துகிறது. அந்தத் தகுதி உள்ளவரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அவர் வந்ததும் நோயாளியிடம் போகும் முன் ஐந்து நிமிடம் விஷயத்தைச் சொல்லுங்கள்: என்ன நோய், என்ன கேட்கப் போகிறோம், எந்த மருந்துப் பெயர்கள் வரும். பிறகு அவரை உங்களுக்குப் பக்கத்தில் சற்றுப் பின்னால் நிறுத்துங்கள். நோயாளி உங்கள் முகத்தையும் அவருடைய கைகளையும் ஒரே பார்வையில் காண வேண்டும். நோயாளியைப் பார்த்து, “உங்களுக்கு எப்போதிலிருந்து வலி?” என்று கேளுங்கள். மொழிபெயர்ப்பாளரைப் பார்த்து “அவருக்கு எப்போதிலிருந்து என்று கேளுங்க” என்றால் நோயாளி அந்த அறையில் மூன்றாம் மனிதராகிவிடுகிறார். மொழிபெயர்ப்பாளரிடம் “இவருக்குப் புரிஞ்சுதா?” என்று கேட்பதும் தவறு. அதை நோயாளியிடமே கேளுங்கள். இருபது முப்பது நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து மொழிபெயர்த்தால் களைப்பில் பிழை வரும். நீண்ட ஆலோசனை என்றால் இருவர் வேண்டும், அல்லது இடைவேளை வேண்டும்.

வீடியோ அழைப்பில் மொழிபெயர்ப்பதும் நல்ல வழிதான். கைபேசியின் சிறு திரையைவிட டேப்லெட் மேல். அதை ஸ்டாண்டில் பொருத்தி, நோயாளியின் இடுப்பிலிருந்து தலை வரை கேமராவில் விழும்படி வையுங்கள். குப்புறப் படுத்தவர், கண் அறுவை முடிந்தவர், கடும் வலியில் புரளும் கர்ப்பிணி ஆகியோருக்குத் திரை உதவாது. அவர்களுக்கு ஆளே நேரில் வர வேண்டும்.

இரவு 2 மணி, கேஷுவாலிட்டி, மொழிபெயர்ப்பாளர் இல்லை. அப்போது?

உயிர் காக்கும் சிகிச்சையை நிறுத்த வேண்டாம். படங்கள் போட்ட அட்டை, உடல் வரைபடம், கடிகாரப் படம், பேனா, காகிதம் இவற்றை வைத்துத் தொடங்குங்கள். எங்கே வலி என்பதை வரைபடத்தில் தொடச் சொல்லுங்கள். எதையும் செய்யும் முன் கருவியைக் காட்டி, எங்கே செய்யப் போகிறோம் என்று உங்கள் உடலிலேயே காட்டி, அவர் தலையசைத்த பிறகு செய்யுங்கள். வீடியோ அழைப்புக்கும் முயன்றுகொண்டே இருங்கள். “மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் எடுத்த விவரம், காலையில் மறுபடி கேட்க வேண்டும்” என்று கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். இந்த ஒரு வரி விடுபட்டால் இரவில் அவசரத்தில் ஊகித்த விவரமே டிஸ்சார்ஜ் வரை உண்மையாகப் பயணம் செய்யும்.

ட்ரிப் போடும்போது தனியாக என்ன கவனிக்க வேண்டும்?

கை. சைகை மொழி பேசுபவருக்குக் கைதான் வாய். எந்தக் கை அவருக்கு முதன்மை என்று கேட்டு, மற்றக் கையில், புறங்கையையும் மணிக்கட்டையும் தவிர்த்து முன்கையில் கேனுலா (ட்ரிப் ஏற்றும் சிறு குழாய்) போடுங்கள். இந்திய சைகை மொழியில் விரல் எழுத்துகளுக்கு இரு கையும் வேண்டும். ஆகவே பல்ஸ் ஆக்ஸிமீட்டர், பி.பி. கஃப், ட்ரிப் மூன்றையும் இரு கைகளுக்குப் பிரித்துப் போட்டால் அவர் பேச்சையே முடக்கிவிடுகிறோம். ஆக்ஸிமீட்டரைக் கால்விரலிலோ காது மடலிலோ மாட்டலாம். குழப்பத்தில் இருக்கும் நோயாளியின் கைகளைக் கட்டிவைப்பது மற்றவர்களுக்கே கடைசி வழி. இவர்களுக்கு அது வாயைக் கட்டுவது.

ஊசி போடுகையில் பேசிக்கொண்டே போடும் பழக்கம் நமக்கு உண்டு. அவர் ஊசியைப் பார்ப்பாரா, உங்கள் முகத்தைப் பார்ப்பாரா? முதலில் சொல்லுங்கள், அவர் பார்த்து முடித்ததும் செய்யுங்கள். டிரெஸ்ஸிங் மாற்றுவதற்கும் இன்சுலின் கற்றுக்கொடுப்பதற்கும் இதே விதி.

சைகை மொழியில் புருவமும் வாயும் இலக்கணத்தின் பகுதி. கேள்வி கேட்கும்போது புருவத்தின் நிலை மாறும். அதைக் கோபம் என்றோ வலி என்றோ பதிவு செய்துவிடாதீர்கள். வலியின் அளவை எண்ணிட்ட கோட்டில் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

தலைக்காயம் பட்ட காதுகேளாதவருக்கு ஜி.சி.எஸ். எப்படிப் போடுவது?

ஜி.சி.எஸ். என்பது கண் திறப்பு, பேச்சு, அசைவு மூன்றுக்கும் மதிப்பெண் போட்டு நினைவு நிலையை அளக்கும் முறை. இங்கே நடக்கும் பிழை நோயாளியின் சிகிச்சையையே மாற்றிவிடும். பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், கண் திறக்கவில்லை, கேள்வி கேட்டார்கள், பேசவில்லை, மதிப்பெண் சரிந்தது. தேவையில்லாத இன்ட்யூபேஷன் (மூச்சுக்குழாய்க்குள் குழாய் செருகுவது) வரை இது போகும். இதற்கு நேர்மாறாக, “இவர் எப்போதுமே பேசமாட்டாரே” என்று விட்டுவிட, உண்மையான நினைவிழப்பு கவனிக்கப்படாமல் போவதும் உண்டு.

கண் திறப்பைத் தோளைத் தொட்டுப் பாருங்கள், பிறகு அழுத்தம் கொடுத்துப் பாருங்கள். குரலுக்குத் திறந்தாரா என்பது இவருக்குப் பொருந்தாத சோதனை. வாய்மொழிப் பதிலை, சைகை தெரிந்தவர் இருந்தால் சைகையிலேயே பாருங்கள்: இடம், நாள், பெயர் சரியாகச் சொல்கிறாரா, சைகைகள் குழறுகின்றனவா? சைகை தெரிந்தவர் இல்லை என்றால் மிகக் குறைந்த மதிப்பெண்ணான 1ஐப் போடாதீர்கள், “சோதிக்க இயலாது” என்று எழுதுங்கள். அசைவுக்கு, உங்கள் கையை மூடித் திறந்து காட்டி அவரையும் செய்யச் சொல்லுங்கள். மொத்த எண்ணைச் சொல்லாமல் மூன்று பகுதிகளையும் தனித்தனியே ஹேண்டோவரில் (அடுத்த ஷிஃப்டிடம் ஒப்படைக்கும்போது) சொல்லுங்கள்.

எக்ஸ்ரே, ஸ்கேன், ஆபரேஷன் தியேட்டர்?

“மூச்சை இழுத்துப் பிடிங்க” என்று மைக்கில் சொன்னால் அவருக்குச் சேராது. முன்பே அடையாளம் பேசிக்கொள்ளுங்கள்: விளக்கு ஒருமுறை அணைந்தால் மூச்சைப் பிடிக்க வேண்டும், மறுபடி எரிந்தால் விடலாம். கூடவே ஆள் நிற்க முடிந்தால் தோளில் ஒரு தட்டு, இரண்டு தட்டு. எம்.ஆர்.ஐ. அறைக்குள் ஹியரிங் எய்டைக் கழற்ற வேண்டும். காக்ளியர் இம்ப்ளான்ட் உள்ளே காந்தம் இருப்பதால், எந்த மாடல் என்று பார்த்து, தயாரிப்பாளர் அனுமதித்த நிபந்தனைகள் உறுதியான பிறகே உள்ளே அனுப்ப வேண்டும். இம்ப்ளான்ட் வைத்தவருக்குத் தலை, கழுத்துப் பகுதி அறுவையில் மோனோபோலார் காட்டரி (மின்சாரத்தால் திசுவைச் சுடும் கருவி) தவிர்க்கப்படுகிறது. அறுவை நடக்கும் முன் தியேட்டருக்கு இந்தத் தகவலைச் சொல்வது வார்டு நர்ஸின் வேலை.

மயக்கம் கொடுக்கும் நிமிடம் வரை ஹியரிங் எய்டும் மூக்குக்கண்ணாடியும் அவரிடமே இருக்கட்டும். கண்ணாடி போனால் சைகையும் போய்விட்டது, உதடும் போய்விட்டது. கழற்றியதைப் பெயர் எழுதிய டப்பாவில் போட்டு ரிக்கவரி அறைக்கு அவருடனேயே அனுப்புங்கள். கண் விழித்ததும் முதலில் மாட்டிவிட வேண்டியது அவற்றைத்தான். விழிக்கும்போது அவருக்குத் தெரிந்த ஒரு முகம் கண்ணெதிரே இருந்தால் பதற்றம் பெருமளவு குறையும்.

இரவு ரவுண்டில் டார்ச்சை அவர் முகத்தில் அடிக்காதீர்கள். உங்கள் முகத்திலோ கூரையிலோ அடித்து, தோளை மெதுவாகத் தொடுங்கள்.

லேபர் வார்டில்?

வலி உச்சத்தில் இருப்பவருக்கு “முக்கும்மா”, “இப்ப முக்காதே” இரண்டும் எட்டாது. வலி தொடங்கும் முன்பே இரண்டு சைகைகளை ஒத்திகை பார்த்துக்கொள்ளுங்கள். சைகை காட்டும் ஒருவர் தலைமாட்டுப் பக்கம், அவர் கண் மட்டத்தில் நிற்கட்டும். கால்மாட்டில் நிற்பவரின் கைகள் அவருக்குத் தெரியாது. இடது பக்கம் சரிந்து படுத்திருந்தால் அந்தப் பக்கம் போய் நில்லுங்கள். குழந்தையின் இதயத்துடிப்பை மற்றத் தாய்மார்கள் காதால் கேட்பார்கள். இவருக்கு மானிட்டரில் எண்ணைக் காட்டி, டாப்ளர் கருவியின் அதிர்வைக் கையில் உணரவிடுங்கள். குழந்தை பிறந்ததும் அழுதது என்பதைச் சொல்ல மறக்காதீர்கள்.

பிரசவ மேசையிலேயே காப்பர்-டி, கருத்தடை அறுவை பற்றிக் கையெழுத்து வாங்கும் பழக்கம் இவர்கள் விஷயத்தில் மிகக் கொடியது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 10: விவரம் அறிந்த, சுதந்திரமான ஒப்புதல் இல்லாமல் மலட்டுத்தன்மை ஏற்படுத்தும் எந்த மருத்துவமும் கூடாது. மாமியார் சொன்னதும் கணவர் சொன்னதும் ஒப்புதல் ஆகாது. கர்ப்பகாலச் செக்கப்பிலேயே, மொழிபெயர்ப்பாளர் இருக்கும் ஒரு நாளில் பேசி முடிக்க வேண்டிய விஷயம் இது.

குழந்தைக்குக் கேட்டல் பரிசோதனை ஒரு மாதத்துக்குள், சந்தேகம் இருந்தால் உறுதிப்படுத்தல் மூன்று மாதத்துக்குள், உதவி ஆறு மாதத்துக்குள் என்பது பொது அளவுகோல். குழந்தைக்கும் கேட்கவில்லை என்று தெரிந்தால், துக்கச் செய்தியைப் போல அறிவிக்காதீர்கள். காதுகேளாத தாய்க்கு அது துக்கமாக இருக்க வேண்டிய அவசியமில்லை. குழந்தையோடு முதல் நாளிலிருந்தே ஒரு முழு மொழியில் பேச அவரால் முடியும்.

காதுகேளாமையோடு வேறு நோய்களையும் தேட வேண்டுமா?

பிறவியிலேயே கேட்காதவருக்கு மயங்கி விழுந்த வரலாறு இருந்தாலோ, குடும்பத்தில் இளம் வயதில் திடீர் மரணம் இருந்தாலோ இ.சி.ஜி.யில் க்யூ-டி இடைவெளியை மருத்துவரிடம் காட்டுங்கள். ஜெர்வெல்–லாங்கே-நீல்சன் என்ற அரிய பிறவிக் கோளாறில் காதுகேளாமையும் நீண்ட க்யூ-டி என்ற இதயத்துடிப்புக் கோளாறும் சேர்ந்து வரும். வாந்திக்குச் சாதாரணமாகப் போடும் ஆன்டான்செட்ரான்கூட அவர்களுக்கு ஆபத்தாகலாம். இருட்டில் தடுமாறுகிறார், பக்கவாட்டில் நிற்பதைக் கவனிப்பதில்லை என்றால் கேட்கும் திறனோடு பார்வையும் குறையும் அஷர் நோயாக இருக்கலாம். அவருக்கு நேர் எதிரே, சற்றுத் தள்ளி நின்று சிறிய வட்டத்துக்குள் சைகை செய்யுங்கள். ஆல்போர்ட் நோயில் சிறுநீரகமும், பென்ட்ரெட் நோயில் தைராய்டும் சேர்ந்து பாதிக்கப்படும். சொந்தத்தில் திருமணம் அதிகமுள்ள நம் பகுதியில் பரம்பரைக் காரணங்களைக் கேட்பது வீண் வேலை அல்ல.

“ஏற்கெனவே கேட்காதவர்தானே, ஜென்டாமைசின் போட்டால் என்ன” என்ற பேச்சு தவறு. கேட்கும் திறனைக் கெடுக்கக்கூடிய மருந்து அது. மிச்சமிருக்கும் கேட்கும் திறன் அவருக்கு மிகப் பெரிது. ஜென்டாமைசினும் ஸ்ட்ரெப்டோமைசினும் உட்காதின் சமநிலை உறுப்பையும் கெடுக்கும். தள்ளாட்டம் பற்றி அவரிடம் தினமும் கேளுங்கள்.

ஓ.பி.யில் காலையில் வந்தவர் மாலை வரை காத்திருந்து திரும்பிப் போகிறார். ஏன்?

பெயரைக் கூவிக் கூப்பிட்டார்கள், அவர் வரவில்லை, அடுத்தவர் உள்ளே போய்விட்டார். எண் காட்டும் பலகை வையுங்கள். பலகை இல்லாத இடத்தில் ஓ.பி. சீட்டில் காது அடையாளம் ஒட்டி, கதவுக்கு எதிரே உட்காரவைத்து, கையசைத்துக் கூப்பிடும் பொறுப்பை ஒரு ஊழியரிடம் பெயர் சொல்லி ஒப்படையுங்கள். வார்டில் அழைப்புமணி அடித்தால் இன்டர்காமில் பதில் சொல்லாமல் நேரில் போங்கள். தீ எச்சரிக்கை ஒலித்தால் எந்தப் படுக்கைக்கு யார் போய்த் தட்டுவது என்பதையும் ஷிஃப்ட் பட்டியலில் எழுதுங்கள். கட்டிலின் மேல் காது அடையாளம் மாட்டும் முன் நோயாளியைக் கேட்டுக்கொள்ளுங்கள். சிலர் அதை விரும்பமாட்டார்கள்.

டிஸ்சார்ஜ் மருந்துகளை எப்படி விளக்குவது?

1-0-1 (காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று) என்ற குறிப்பு மருந்துக் கடைக்காரருக்குப் புரியும். நோயாளிக்குச் சூரியன், உச்சிவெயில், நிலா படத்தின் கீழ் அந்தந்த மாத்திரையையே டேப் போட்டு ஒட்டிக் கொடுங்கள். சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்பதற்குத் தட்டு படம். பிறகு, “நாளைக்கு எப்படிச் சாப்பிடுவீங்க, காட்டுங்க” என்று கேளுங்கள். அவர் எடுத்துக் காட்டுவதுதான் புரிந்ததற்குச் சான்று. “வலி வந்தால் மட்டும்” என்ற மாத்திரையில்தான் குழப்பம் அதிகம், அதைத் தனி கவரில் போடுங்கள். “சந்தேகம் இருந்தால் போன் பண்ணுங்க” என்று ஒரு எண்ணைக் கொடுத்தால் அவரால் பயன்படுத்த முடியாது. குறுஞ்செய்தியோ வாட்ஸ்அப் வீடியோவோ பெறும் எண்ணைக் கொடுங்கள்.

சட்டம் செவிலியர் கல்வி பற்றி ஏதாவது சொல்கிறதா?

சொல்கிறது. அதே 2016 சட்டத்தின் பிரிவு 47, மருத்துவர், செவிலியர், துணை மருத்துவப் பணியாளர் படிப்புகளில் மாற்றுத்திறனாளிகள் பற்றிய பாடத்தைச் சேர்க்கச் சொல்கிறது. பிரிவு 25, அரசு, தனியார் மருத்துவமனை இரண்டிலும் தடையற்ற அணுகலையும் சிகிச்சையில் முன்னுரிமையையும் கேட்கிறது. தொடர்புமொழி என்பதில் சைகையும் அடக்கம் என்று சட்டத்தின் வரையறையே சொல்கிறது. ஆகவே மொழிபெயர்ப்பாளருக்கு ஏற்பாடு செய்வது தர்ம காரியம் அல்ல, சாய்தளம் கட்டுவதைப் போன்ற கடமை.

நர்சிங் கல்லூரியில் இதை எப்படிக் கற்பிப்பது?

இப்போது காதுகேளாமை பெரும்பாலும் காது-மூக்கு-தொண்டைப் பாடத்தில் ஒரு நோயாக வருகிறது: காரணங்கள், ஆடியோமெட்ரி (கேட்கும் திறனை அளப்பது), ஹியரிங் எய்டு. அந்த நோயாளியோடு எப்படிப் பேசுவது என்பது “பொறுமையாகப் பேச வேண்டும்” என்ற ஒரு வரியில் முடிகிறது. பொறுமையால் மட்டும் ஜி.சி.எஸ். போட முடியாது.

நான்கு ஆண்டுகளுக்கும் பரப்பி இருபது மணி நேரம் ஒதுக்கினாலே நல்ல மாற்றம் வரும் என்பது எங்கள் கருத்து. முதலாண்டில் ஆறு மணி நேரம் காதுகேளாத ஆசிரியரே, குரல் இல்லாமல், வகுப்பு எடுக்கட்டும். இரண்டாம் மூன்றாம் ஆண்டுகளில் கேனுலா, ஜி.சி.எஸ்., மயக்கத்துக்கு முன்னும் பின்னும், பிரசவம் என ஏற்கெனவே நடக்கும் ஸ்கில் லேப் பயிற்சிகளுக்குள்ளேயே இதையும் செருகுங்கள். தனிப் பாடமாக வைத்தால் தேர்வு முடிந்ததும் மறைந்துபோகும். கடைசி ஆண்டு செய்முறைத் தேர்வில் மாணவர் செய்து காட்ட வேண்டிய பத்து நிமிடச் சோதனை நிலையம் ஒன்று, அங்கே நோயாளியாகக் காதுகேளாத ஒருவர். தொடும் முன் கண்ணில் பட்டாரா, எந்த வழியில் பேசலாம் என்று கேட்டாரா, சொல்வதையும் செய்வதையும் பிரித்தாரா, திருப்பிக் காட்டச் சொன்னாரா என்பவற்றுக்கு மதிப்பெண். உறவினரிடம் மட்டும் பேசிவிட்டு ஒப்புதல் வாங்கினால் அந்த நிலையத்தில் தோல்வி. கற்பிக்க வரும் காதுகேளாதவருக்கு விருந்தினர் விரிவுரையாளருக்குரிய ஊதியத்தைக் கொடுங்கள். பூங்கொத்து போதாது.

அமெரிக்காவின் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவர்களுக்கு நடத்தும் ஒரு பயிற்சியை நாமும் செய்யலாம். அங்கே வரவேற்பாளர், மருத்துவர், மருந்தாளர் எல்லோரும் காதுகேளாதவர்கள், மாணவர்கள்தான் நோயாளிகள். யாரும் வாய் திறந்து பேசமாட்டார்கள். பதிவு, பரிசோதனை, மருந்து வாங்குதல் என்று மாணவர் சுற்றி வர வேண்டும். காதில் பஞ்சு வைத்து ஒரு மணி நேரம் உட்காரச் சொல்லும் பயிற்சியைவிட இது எவ்வளவோ மேல். பஞ்சு பயத்தையும் இரக்கத்தையும்தான் கற்றுத்தரும். இதில் மொழி தெரியாத இடத்தில் நிற்பது என்ன என்பது தெரியும். முடிந்ததும் அரை மணி நேரம் அந்தக் காதுகேளாத பயிற்றுநர்களோடு பேச வேண்டும். அந்தப் பகுதியை விட்டால் பயிற்சி விளையாட்டாகிவிடும்.

எத்தனை சைகைகள் கற்றால் போதும்?

வணக்கம் சொல்லவும், வலி, வாந்தி, காய்ச்சல், மூச்சு, சிறுநீர், மலம், ரத்தம், கர்ப்பம், ஒவ்வாமை, ஊசி, ஆபரேஷன், காத்திருங்கள், முடிந்தது போன்றவற்றுக்கும் அறுபது சைகைகள் நல்ல தொடக்கம். இந்திய சைகை மொழி அகராதி 2021 முதல் 10,000 சொற்களோடு காணொளியாகக் கிடைக்கிறது, மருத்துவச் சொற்களும் அதில் உண்டு. ஊருக்கு ஊர் சைகை மாறும். ஆகவே அகராதியில் கற்றதை உள்ளூர்க்காரரிடம் சரிபாருங்கள். அறுபது சைகை தெரிந்தவர் நோயாளியின் பயத்தைக் குறைக்கலாம். ஒப்புதல் வாங்கவும் நோயை விளக்கவும் அவரை மொழிபெயர்ப்பாளராக நிறுத்தக்கூடாது.

பிரேசில் 2002இல் தன் சைகை மொழியைச் சட்டத்தால் ஏற்று, 2005 ஆணையில் ஆசிரியர் பயிற்சிக்கும் பேச்சு-கேட்டல் சிகிச்சைப் படிப்புக்கும் அதைக் கட்டாயமாக்கியது. நர்சிங்கில் அது விருப்பப் பாடம் மட்டுமே. தொடர்பு கொள்ள முடியாமல் தவிக்கும் செவிலியர் பற்றி அங்கிருந்து தொடர்ந்து ஆய்வுகள் வருவதற்கு இந்த இடைவெளியும் ஒரு காரணம். விருப்பப் பாடமாக வைத்தால் ஏற்கெனவே அக்கறை உள்ளவர்தான் எடுப்பார்.

இதெல்லாம் உண்மையிலேயே நோயாளியின் உடல்நலத்தைப் பாதிக்கிறது என்பதற்கு ஆய்வுச் சான்று உண்டா?

கனடாவின் க்யூபெக் மாகாண மருத்துவமனைகளில் நடந்து 2008இல் வெளியான ஆய்வில், தொடர்புகொள்வதில் தடை உள்ள நோயாளிகளுக்குத் தவிர்த்திருக்கக்கூடிய கேடுகள் மூன்று மடங்கு அதிகம் என்று தெரிந்தது. பிரிட்டனில் சைகை மொழி பேசும் 298 பேரைப் பரிசோதித்த, 2015இல் வெளியான ஆய்வு இன்னும் கூர்மையானது. அவர்கள் புகைப்பது பொதுமக்களைவிடக் குறைவு. ஆனால் ரத்த அழுத்தத்தை அளந்து பார்த்தால் உயர்ந்திருந்தவர்கள் அதிகம், சிகிச்சை போதாமலும் இருந்தது. தவறு நோயாளியின் பழக்கத்தில் இல்லை, தகவல் போய்ச் சேராததில் இருக்கிறது.

எம்.எஸ்சி. நர்சிங் ஆய்வேட்டுக்கு இந்தத் தலைப்பை எடுக்கலாமா?

எடுங்கள். ஆனால் “காதுகேளாதோர் பற்றிய செவிலியரின் அறிவும் மனப்பான்மையும்” என்று ஒரு மணி நேர வகுப்புக்கு முன்னும் பின்னும் வினாத்தாள் கொடுக்கும் ஆய்வு இன்னொன்று வேண்டாம். வகுப்பு முடிந்த உடனே யாருக்கும் மதிப்பெண் உயரும். மூன்று மாதம் கழித்து, காதுகேளாத ஒருவர் முன்னிலையில் செய்து காட்டச் சொல்லி அளந்தால் அதற்கு மதிப்பு உண்டு.

நோயாளிகளையே ஆய்வு செய்வதானால் சட்டத்தின் பிரிவு 6ஐ முதலில் படியுங்கள். புரியும் வடிவில் பெற்ற ஒப்புதலும், மாற்றுத்திறனாளிகள் ஆய்வுக்கான குழுவின் முன் அனுமதியும் வேண்டும். அந்தக் குழுவில் பாதிக்குக் குறையாதவர்கள் மாற்றுத்திறனாளிகளோ அவர்களுடைய பதிவுபெற்ற அமைப்புகளின் உறுப்பினர்களோ ஆக இருக்க வேண்டும். கல்லூரி நெறிமுறைக் குழு ஒப்புதல் மட்டும் போதும் என்று நினைத்துவிடாதீர்கள்.

வினாத்தாளை எழுத்துத் தமிழில் கொடுத்தால் தமிழ் வாசிப்பைத்தான் அளப்பீர்கள். கேள்விகளைச் சைகையில் காணொளியாக எடுத்து, கேள்வியின் தமிழ் மூலத்தைப் பார்க்காத இன்னொருவரைக் கொண்டு மீண்டும் தமிழுக்கு மொழிபெயர்த்துச் சரிபாருங்கள். ரோச்செஸ்டரில் 2008இல் சைகைக் காணொளியும் தொடுதிரையும் வைத்துத்தான் காதுகேளாதோர் உடல்நலக் கணக்கெடுப்பை நடத்தினார்கள். ஆட்களைக் காது-மூக்கு-தொண்டை ஓ.பி.யில் மட்டும் தேடாதீர்கள், அங்கே வருபவர்கள் ஒரு வகையினர். சங்கங்கள், பள்ளிகளின் முன்னாள் மாணவர்கள் வழியாகவும் போங்கள். நேர்காணல் காணொளியில் முகத்தை மங்கலாக்கினால் இலக்கணமே அழிந்துவிடும். எனவே மூலக் காணொளியை யார் பார்க்கலாம், எப்போது அழிப்போம் என்பதை ஒப்புதலிலேயே சொல்லுங்கள். மாவட்டக் காதுகேளாதோர் எல்லோரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். பெயரை மாற்றினாலும் வயது, தொழில், ஊர் சேர்ந்தால் யார் என்று தெரிந்துவிடும். காதுகேளாத ஒருவரைத் தொடக்கத்திலிருந்தே உடன் ஆய்வாளராகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காதுகேளாத ஒருவர் செவிலியர் ஆக முடியுமா?

உலகின் பல நாடுகளில் இருக்கிறார்கள். துடிப்பைத் திரையில் காட்டும் ஸ்டெதஸ்கோப், அதிரும் அலாரம், எழுத்தில் ஹேண்டோவர் ஆகியவற்றோடு வேலை செய்கிறார்கள். நம் நாட்டில் நர்சிங் சேர்க்கையின் மாற்றுத்திறனாளி ஒதுக்கீடு நீண்ட காலமாகக் கால் பாதிப்பு உள்ளவர்களை மட்டுமே கணக்கில் எடுத்தது. 2024 அக்டோபரில், பேச்சு-மொழிக் குறைபாடு உள்ள ஒரு மாணவரின் எம்.பி.பி.எஸ். வழக்கில் உச்ச நீதிமன்றம், ஊனத்தின் சதவீதம் மட்டுமே ஒருவரைத் தகுதியற்றவர் ஆக்காது, அவரால் படிப்பைத் தொடர முடியுமா என்பதைத் தனித்தனியே மதிப்பிட வேண்டும் என்றது. அது நர்சிங் பற்றிய தீர்ப்பு அல்ல. ஆனாலும் விண்ணப்பம் மறுக்கப்படும் மாணவர் அதே கேள்வியைக் கல்லூரியிடமும் நர்சிங் கவுன்சிலிடமும் எழுத்தில் கேட்கலாம்: எந்த வேலையை என்னால் செய்ய முடியாது என்கிறீர்கள், எந்தக் கருவியோடு சோதித்தீர்கள்?